பெயரை எடுத்தால் போதுமா?

அன்புள்ள பாப்பாவுக்கு,

முனைவர் பட்டத்துக்குத் தலைப்பு பதிவாகிவிட்டது என்று உன் அப்பா போனில் சொன்னார். ஒரே செல்போனை வீட்டில் நாலு பேர் எடுத்துப் பேசும்போது அந்த வீட்டுப் பெண்ணின் அந்தரங்கம் என்ன ஆகிறது என்பது நல்ல கேள்வி. நித்யா சாம்பசிவனும் உடன் ஆய்வாளர்களும் 2018-இல் எழுதிய கட்டுரையை மறுபடி படி. போனைக் கேட்டவரிடம் கொடுத்துவிட்டு, செயலிக்குப் பூட்டுப் போட்டும் செய்திகளை அழித்தும் பெண்கள் தங்களைக் காத்துக்கொள்வதை அதில் காணலாம்.

பெயரை எடுத்துவிட்டால் ஆள் மறைந்துவிடுவார் என்று மட்டும் நம்பாதே. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநில அரசு ஊழியர்களின் மருத்துவப் பதிவுகளைப் பெயர் நீக்கித்தான் ஆய்வாளர்களுக்குக் கொடுத்தார்கள். அப்போது எம்.ஐ.டி.யில் மாணவியாக இருந்த லடான்யா ஸ்வீனி, 20 டாலருக்குக் கேம்பிரிட்ஜ் நகர வாக்காளர் பட்டியலை வாங்கி அதோடு பொருத்திப் பார்த்தார். அந்த மாநிலத்தின் அப்போதைய ஆளுநர் வில்லியம் வெல்டின் பிறந்த தேதியே உள்ளவர்கள் அந்த ஊரில் 6 பேர். அதில் ஆண்கள் 3. அவருடைய அஞ்சல் குறியீட்டில் ஒருவர்தான். ஆளுநரின் மருத்துவக் குறிப்பு கைக்கு வந்துவிட்டது.

இதெல்லாம் தெரிந்தும் நான் தவறினேன். ஒரு கிராமத்து ஆய்வில் ‘சத்துணவு அமைப்பாளர், கணவரை இழந்தவர், வட்டிக்குக் கடன் வாங்கியவர்’ என்று எழுதினேன். பெயர் போடவில்லை. அந்த ஊரில் சத்துணவுக் கூடமே ஒன்றுதான். அறிக்கை ஊருக்குள் போயிற்று. அடுத்த முறை போனபோது அந்த அம்மா செம்பில் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார். ஒரு வார்த்தை பேசாமல் உள்ளே போய்விட்டார். கடன் விஷயம் அவருடைய மாமியாருக்கு அதுவரை தெரியாதாம்.

இன்று உனக்கு ஆபத்து அதைவிடப் பெரிது. பேட்டியை எழுத்தாக்க வேண்டும், சுருக்க வேண்டும் என்று ஒலிப்பதிவை ஏதோ ஒரு ஏஐ சேவையில் ஏற்றிவிடத் தோன்றும். பேசியவர் உன்னை நம்பித்தான் பேசினார், அந்தச் சேவையை அல்ல. அதற்கும் தனியாக ஒப்புதல் கேள். ‘வேண்டாம்’ என்றால் உட்கார்ந்து கையால் எழுது. மாமியார் பக்கத்தில் இருக்கும்போது வாங்கிய கையெழுத்தை ஒப்புதல் என்று எண்ணாதே.

பொங்கலுக்கு வரும்போது உன் ஒப்புதல் படிவத்தை எடுத்து வா. நம் வீட்டுக்குப் பால் ஊற்றும் அக்காவிடம் வாசித்துக் காட்டுவோம். அவருக்கு எந்த வரி புரியவில்லையோ அதைப் பென்சிலால் அடித்துவிட்டு அங்கேயே மாற்றி எழுதலாம்.

அன்புடன்,
அத்தை