பேசா நாடகம்

மக்கள் தம் கருத்தைப் பிறர்க்கு உணர்த்தக் கொண்ட கருவிகளுள் மொழியே தலைசிறந்தது என்பர். ஆயினும், மொழி கல்லாத குழந்தை தன் பசியைத் தாய்க்கு உணர்த்திவிடுகின்றது. அயல்நாடு சென்றவன் அந்நாட்டு மொழியை அறியாதிருந்தும், கையைக் குவித்து வாயருகே கொண்டுசென்று நீர் கேட்டுப் பெறுகின்றான். கண்ணும் முகமும் கையும் காலும் தமக்கென ஒரு மொழியை உடையன. அம்மொழியைக் கொண்டு ஒருவர் தனியே அரங்கில் தோன்றி, ஒரு சொல்லும் உரையாது, ஒரு கதை முழுவதையும் காண்போர் உள்ளத்தில் பதியச் செய்வதே பேசா நாடகமாகும். உள்ளத்து உணர்ச்சி உடலின்வழிப் புலப்படுதலைத் தொல்காப்பியர் மெய்ப்பாடு எனப் பெயரிட்டு, அதனை எட்டாக வகுத்து, அதற்கெனத் தனி இயலொன்றும் அமைத்தார். அம்மெய்ப்பாடே பேசா நாடகத்தின் உயிர்நிலை.

இருபதாம் நூற்றாண்டில் இக்கலையை உலகெங்கும் பரப்பியவர்களுள் பிரெஞ்சு நடிகர் மார்சல் மார்சோ முதன்மையானவர். அவர் 1923ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 22ஆம் நாள் ஸ்ட்ராஸ்பூர்க் நகரில் யூதக் குடும்பம் ஒன்றில் பிறந்தார். தந்தையார் இறைச்சிக் கடை நடத்திவந்தார். சார்லி சாப்ளினின் ஊமைப் படங்களை இளமையிலேயே கண்ட அச்சிறுவர், தாமும் அவரைப்போல் ஆகவேண்டும் என்று அவாவினார்.

1940ஆம் ஆண்டு பிரான்சு நாடு செருமானியப் படைக்குப் பணிந்தது. யூதர்களின் உயிருக்கு நாள்தோறும் இடர் சூழ்ந்தது. மங்கெல் என்னும் குடிப்பெயரை மறைத்து, மார்சோ என்னும் பெயரைப் புனைந்துகொண்ட அவ்விளைஞர், தம் உடன்பிறந்தாருடன் எதிர்ப்பியக்கத்தில் சேர்ந்தார். ஓவியப் பயிற்சி உடையவராதலின், அடையாளச் சீட்டுகளைத் திருத்திப் பிள்ளைகளின் வயதைக் குறைத்துக் காட்டினார். பின்னர், யூதக் குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு சுவிட்சர்லாந்தின் எல்லை நோக்கி நடந்தார். ஓர் அழுகுரல் காவலர் செவியில் விழுந்தாலும் அனைவர் உயிர்க்கும் கேடு விளையும். அஞ்சி நடுங்கும் குழந்தைகளை அமைதியாக வைத்திருத்தற்கு அவர்க்குத் துணைநின்றது ஊமை நடிப்பே. பிறர் பிள்ளைகளைக் காத்த அவர்க்குத் தம் தந்தையாரைக் காக்க இயலவில்லை. 1944ஆம் ஆண்டு பிடிக்கப்பட்ட அவர், ஆஷ்விட்ஸ் கொலைமுகாமுக்குக் கொண்டு செல்லப்பட்டார், மீண்டு வரவில்லை.

போர் முடிந்தபின் மார்சோ பாரிசு நகரில் சார்ல் துல்லேனின் நாடகப் பள்ளியிற் சேர்ந்து, எத்தியென் தெக்ரூ என்னும் ஆசானிடம் உடல்நடிப்புப் பயின்றார். 1947ஆம் ஆண்டு ‘பிப்’ என்னும் பாத்திரத்தைப் படைத்தார். வெண்மை பூசிய முகம், கோடிட்ட சட்டை, நசுங்கிய தொப்பி, அதில் ஆடும் ஒரு சிவந்த மலர் ஆகியவையே பிப்பின் கோலம். முகமூடி செய்பவன் ஒருவனைப் பற்றிய அவருடைய நடிப்பு பெரும்புகழ் பெற்றது. அவன் சிரிக்கும் முகமூடியையும் அழும் முகமூடியையும் மாற்றி மாற்றி அணிந்து பார்க்கின்றான். சிரிக்கும் முகமூடி முகத்தோடு ஒட்டிக்கொள்கின்றது. கைகள் அதனைப் பிய்க்க முயல்கின்றன, உடல் சோர்கின்றது, முகமோ சிரித்துக்கொண்டே இருக்கின்றது. மேடையில் முகமூடி என்று ஒன்றும் இல்லை. ஆயினும், காண்போர் அதனைக் காண்கின்றனர். அவன் படும் துயரையும் உணர்கின்றனர்.

இல்லாத பொருளை இருப்பதாகக் காட்டும் இத்திறம் எவ்வாறு கைவரும்? மாணவர்க்கு எளிதில் விளங்கும் ஒரு காட்சியைக் கருதுவோம். கோடைக்காலம், ஒரு சிறுவன் கிணற்றில் நீர் இறைக்க வருகின்றான். இராட்டினத்திற் செல்லும் கயிற்றை அவன் பற்றும்பொழுது, விரல்கள் முற்றும் மூடிக்கொள்ளலாகா. கயிற்றின் பருமன் அளவு இடைவெளி அவற்றினிடையே இருத்தல் வேண்டும். வெறும் வாளி எளிதில் இறங்கும். நீர் மொண்ட வாளியோ எளிதில் ஏறாது. கால்கள் தரையில் ஊன்ற, தோளும் முதுகும் உழைத்தல் வேண்டும். நிறைகுடத்தை இடுப்பில் ஏற்றினால் உடல் மறுபுறம் சாயும். இவ்வாறு ஒவ்வொரு பொருளுக்கும் வடிவும் எடையும் உண்டு என்பதை உடல் மறவாதிருத்தல் வேண்டும்.

இடமும் அத்தகையதே. கிணறு ஓரிடத்தில் அமைந்தபின் அதனை நடிகன் மறந்து அதன்மேல் நடந்துவிட்டால், காண்போர் மனத்தில் எழுந்த கிணறு அந்நொடியே மறைந்துவிடும். சுவரைக் காட்ட விரும்புவோன், விரித்த உள்ளங்கையை ஓரிடத்திற் பதித்து, உடல் அசைந்தபோதும் கை அசையாமல் நிறுத்துவான். அசையாத அக்கையே சுவராகிவிடுகின்றது.

நீர் இறைத்துக் காட்டுவதோடு நாடகம் நிறைவுறாது. நடிப்பவனுக்கு ஒரு வேட்கை வேண்டும். அதற்கு ஒரு தடையும் வேண்டும். அச்சிறுவனுக்குக் கிடைத்தது அரைக்குடம் நீரே. அவன் நாவும் வறண்டிருக்கின்றது. அருந்தக் குனியும்பொழுது, நீர்விடாயால் தளர்ந்த கன்று ஒன்று எதிரே நிற்பதைக் காண்கின்றான். அவன் என் செய்வான்? கண் குடத்தை நோக்கும், பின் கன்றை நோக்கும், கை தயங்கும். அத்தயக்கத்திலேதான் நாடகம் பிறக்கின்றது. உள்ளம் முதலில் எண்ண, கண் அதனைத் தொடர, கை அதன்பின் செல்லுமாயின், நடிப்பு இயல்பாக அமையும். உதடுகளைச் சொற்களைப்போல் அசைப்பதும், காரணமின்றிக் கைகளை வீசுவதும் விலக்கத்தக்கன.

நகைச்சுவைக் காட்சிக்கும் இவ்விதியே பொருந்தும். 1925ஆம் ஆண்டு வெளிவந்த ‘கோல்டு ரஷ்’ என்னும் படத்தில், பனிமலையிற் பசியால் வாடும் சாப்ளின் தம் காலணியை வேகவைத்து உண்கின்றார். விருந்துண்பவர்போல அதனை அறுத்து, ஆணிகளை எலும்புகளைப்போல் சுவைக்கின்றார். சிரிக்க வைக்கவேண்டும் என்னும் எண்ணம் அவர் முகத்தில் சிறிதும் இல்லை. பசியுடையவனின் கருத்தூன்றிய செயலாகவே அது அமைந்துள்ளது. அதனாலேயே பார்ப்போர்க்குச் சிரிப்பும் இரக்கமும் ஒருங்கே எழுகின்றன.

மார்சோ 1978ஆம் ஆண்டு பாரிசில் பள்ளி ஒன்று நிறுவித் தம் கலையை இளைஞர்க்குக் கற்பித்தார். ‘சைலண்ட் மூவி’ என்னும் 1976ஆம் ஆண்டுப் படத்தில் மற்றவர் எவரும் பேசாதிருக்க, பேசாமைக்குப் பெயர்பெற்ற அவர் ஒருவரே ‘இல்லை’ எனப் பொருள்படும் ஒரு பிரெஞ்சுச் சொல்லைக் கூறினார். 2007ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள் 22ஆம் நாள் அவர் இயற்கை எய்தினார்.

பேசா நாடகம் பயில்வோர் முதலிற் செய்யவேண்டுவது பிறரை உற்று நோக்குதலாகும். சுமை சுமப்பவரின் நடையையும், கடிதம் எதிர்நோக்கும் முதியவரின் கண்களையும், தேர்வில் தவறிய தோழனின் தாழ்ந்த தோள்களையும் அவர்கள் காணக் கற்கின்றனர். அவ்வாறு காணக் கற்றவன், பிறர் வாய்திறந்து கூறாத துன்பத்தையும் அறிந்து உதவ வல்லவனாவான். மேடையேறும் பேறு எல்லார்க்கும் வாய்ப்பதில்லை. இப்பயனோ பயில்வோர் அனைவர்க்கும் உரியது.