எட்டு மணி நேரம் அதிகமா?



அமெரிக்கப் பாடகி அரீத்தா ஃப்ராங்க்ளினின் இறுதி நிகழ்வு பற்றி நீங்கள் எழுதிய கட்டுரையைப் படித்தேன். நடை கைவந்திருக்கிறது, அதைப் பற்றி நான் பேச ஒன்றுமில்லை. ஆனால் 2018 ஆகஸ்ட் 31 அன்று டெட்ராய்ட்டின் கிரேட்டர் கிரேஸ் தேவாலயத்தில் எட்டு மணி நேரம் நடந்ததைக் கேளிக்கை என்று தள்ளிவிட்டீர்களே, அங்கேதான் எனக்கு எரிச்சல். பாட்டும் கைதட்டலும் கேட்டவுடன், துக்கம் எழுந்து வெளியே போய்விட்டது என்று முடிவு கட்டிவிட்டீர்கள். அமெரிக்கக் கறுப்பினத் திருச்சபைகளில் துக்கமே பாட்டாகத்தான் வரும். அரீத்தா பாடகியாக வேண்டும் என்று நினைத்ததே ஓர் அடக்க ஆராதனையில்தான். அரீத்தாவின் உறவுக்காரப் பெண்மணி ஒருவருக்காகப் பாடிக்கொண்டிருந்த நற்செய்திப் பாடகி கிளாரா வார்டு, ஆவேசத்தில் தன் தொப்பியைப் பிடுங்கித் தரையில் எறிந்தார். அதைப் பார்த்துத்தான் ஆசை பிறந்தது என்று அரீத்தாவே சொல்லியிருக்கிறார். 1972இல் இன்னொரு நற்செய்திப் பாடகி மகாலியா ஜாக்சனுக்கும் அடுத்த ஆண்டு அதே கிளாரா வார்டுக்கும் அடக்க ஆராதனையில் அவர் பாடினார். இப்படி வந்தவரை அரை மணி நேர மௌனத்தோடு அனுப்பியிருந்தால்தான் அது அவமரியாதை.

சிவப்பு உடையை ஆடம்பரம் என்று எழுதியதும் அவசரம். சார்ல்ஸ் ரைட் அருங்காட்சியகத்தில் உடலை மக்கள் பார்வைக்கு வைத்த முதல் நாள் சிவப்பு, மறுநாள் வெளிர்நீலம். ஏன் சிவப்பு என்று நீங்கள் கேட்கவே இல்லை. டெல்ட்டா சிக்மா தீட்டா என்ற கறுப்பினப் பெண்கள் சங்கத்தின் நிறம் அது, அரீத்தா அதன் கௌரவ உறுப்பினர். ஆனால் கணுக்கால்கள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்க, அந்தச் சிவப்புக் குதிகால் செருப்புகளைப் பற்றி நீங்கள் எழுதிய பத்தி அபாரம், போங்கள்! அப்படி ஒரு பத்தியை எழுதத் தெரிந்தவர், பக்கத்திலேயே முன்னாள் அதிபர் கிளிண்டனின் பெயரை முதலில் போட்டு, டெட்ராய்ட்டில் அரீத்தாவோடு வளர்ந்த பாடகர் ஸ்மோக்கி ராபின்சனைக் கடைசி வரிக்குத் தள்ளுவதா?

பிரபலங்களும் தொலைக்காட்சிக் கேமராவும் வந்த பிறகு அதைச் சபையின் துக்கம் என்று எப்படிச் சொல்வது என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். அன்றைய பிரசங்கத்தில் போதகர் ஜாஸ்பர் வில்லியம்ஸ் கறுப்பினக் குடும்பங்களைக் கண்டித்துப் பேசியதில் அரீத்தாவின் குடும்பமே கோபப்பட்டது, அதையும் மறைக்க வேண்டாம். ஆனால் அவர் புகழ் பார்த்து அழைக்கப்பட்டவர் அல்ல. 1984இல் அரீத்தாவின் தந்தை சி. எல். ஃப்ராங்க்ளினின் அடக்க ஆராதனையிலும் பிரசங்கம் செய்தவர் அவர்தான். அரீத்தாவின் உடலைச் சுமந்து வந்த 1940ஆம் ஆண்டு லசால் வண்டியும் அந்தத் தந்தையையும், 2005இல் சமூக உரிமைப் போராளி ரோசா பார்க்ஸையும் சுமந்த அதே வண்டி. காட்சிக்காக மட்டும் கூட்டியது என்றால் இந்தப் பழைய உறவுகளைத் தேடி எடுத்திருக்க மாட்டார்கள். கேமரா இருந்தது உண்மை, சடங்கை அது உண்டாக்கவில்லை.

இன்னொன்று. அரீத்தா பியானோவும் வாசித்தவர். உங்கள் கட்டுரை முழுவதிலும் பியானோ என்ற சொல்லே இல்லை! அஞ்சலி எழுதுகிறவர்கள் எல்லாரும் குரல், குரல் என்றே உருகுகிறார்கள். கொலம்பியா இசைத்தட்டு நிறுவனத்தில் அரீத்தா பல ஆண்டுகள் பதிவு செய்தும் பெரிய வெற்றி வரவில்லை. 1967இல் அட்லாண்டிக் நிறுவனத் தயாரிப்பாளர் ஜெரி வெக்ஸ்லர் அவரைப் பியானோ முன் உட்காரவைத்த பிறகுதான் தேவாலயத்து வாசிப்பு இசைத்தட்டுக்குள் முழுசாக வந்தது. பாடுகிறவரே வாசிக்கும்போது, எங்கே இழுப்பது, எங்கே நிறுத்துவது என்று வேறு யாரிடமும் கேட்க வேண்டியதில்லை. அரீத்தாவின் ‘டாக்டர் ஃபீல்குட்’ பாடலைக் குரலை மறந்து ஒருமுறை கேளுங்கள், இடது கை என்ன செய்கிறது என்று மட்டும் கவனியுங்கள். பிறகு அந்தக் கட்டுரையைத் திருத்தி அனுப்புங்கள், படிக்கிறேன். செருப்புப் பத்தியில் மட்டும் கை வைக்காதீர்கள்.