நூலால் அமைந்த ஓவியம்

தூரிகை இன்றி, வண்ணக் குழம்பு இன்றி ஓவியம் அமைத்தல் கூடுமோ? கூடும் என்பதை மெக்சிகோ நாட்டு மலைவாழ் மக்களாகிய வீச்சோல் இனத்தார் கைத்தொழிலால் அறியலாம். மேற்குச் சியேரா மாத்ரே மலைத்தொடரில், ஹலிஸ்கோ, நயாரித், துராங்கோ முதலிய மாநிலங்களில் அவர்தம் ஊர்கள் உள்ளன. வீச்சோல் என்பது பிறர் வழங்கும் பெயர். அவர்கள் தம்மை விர்ராரிக்கா என்றே கூறிக்கொள்வர்.

நூலோவியம் அமைக்கும் முறையை முதலிற் காண்போம். மரப்பலகை ஒன்றின்மீது, தேன்மெழுகும் பைன்மரப் பிசினும் சேர்ந்த கலவையை மெல்லிதாகப் பரப்புவர். பலகையை வெயிலில் வைத்து மெழுகை இளகச் செய்வர். கூரிய முனையால் உருவங்களை அதிற் கீறுவர். பின்னர் வண்ண நூலைக் கீறலின்மீது வைத்து, கட்டைவிரல் நகத்தால் அழுத்திக்கொண்டே செல்வர். உருவங்களின் எல்லைக்கோடு முதலில் அமையும். உட்புறம் அடுத்து நிரம்பும். பின்னணி இறுதியில் வரும். நூலோடு நூல் நெருங்கி அமைதல் வேண்டும்; இடையே மெழுகு தோன்றுமாயின் அது வேலைக்குறையே. மெழுகு மிக இளகினால் நூல் நழுவும், இறுகினால் ஒட்டாது. ஆதலின் வெயிலின் பதம் அறிதலும் இத்தொழிலின்பாற்படும்.

இவ்வளவும் விரலுக்குரிய பாடம். விடாது பழகுவார்க்கு இது கைகூடும். எதனை அமைப்பது என்னும் பாடமோ விரலால் மட்டும் கற்கப்படுவதன்று. எழுத்தறிந்த அளவில் ஒருவன் மொழியறிந்தவன் ஆவானோ? இங்கும் அவ்வாறே.

இவ்வோவியத்தின் மூலம் நியெரிக்கா எனப்படும் சிறு படையற் பொருள் ஆகும். காண்டல் என்னும் பொருளோடு தொடர்புடையது அச்சொல். வட்டமாகவோ சதுரமாகவோ அமையும் அதன் நடுவே ஒரு துளையோ சிறு கண்ணாடியோ இருத்தலும் உண்டு. மழை வேண்டியும் நோய் நீங்க வேண்டியும் அதனைச் செய்து, குகையிலும் சுனைக்கரையிலும் கோயிலிலும் வைத்துவிட்டு வருவர். பார்ப்போர் புகழ்வதற்காக அது செய்யப்படுவதன்று. தெய்வம் காண்பதற்கே செய்யப்படுவது.

ஓவியத்தில் வரும் உருவங்களும் அழகுக்காக மட்டும் வருவன அல்ல. மான், மக்காச்சோளம், பாலைநிலத்துக் கள்ளிவகை ஒன்று ஆகிய மூன்றும் அவர்தம் சமயக் கதைகளில் ஒன்றோடொன்று பிரிக்க இயலாதவை. அக்கள்ளி வளரும் விரிக்குத்தா என்னும் புனித நிலம், கிழக்கே சான் லூயிஸ் பொதோசி மாநிலத்தில் உள்ளது. அதற்குச் செல்லும் வழி ஐந்நூறு கிலோமீட்டருக்கு மேற்பட்டது. முற்காலத்தில் அத்துணைத் தொலைவையும் நடந்தே கடந்தனர். வழியிலுள்ள ஒவ்வோர் ஊற்றிற்கும் குன்றிற்கும் ஒரு கதை உண்டு. அக்கதைகளைப் பெரியோர் வாயிலாகக் கேட்டவனே மானை எவ்விடத்தில் அமைப்பது என்பதை அறிவான்.

1950, 1960 ஆகிய ஆண்டுகளை ஒட்டிய காலத்தில் இந்நூல்வேலை பெரிய பலகைகளில் அமைந்து விலைப்பொருள் ஆயிற்று. வாணிகம் புகுந்தால் கலை கெடும் என்பார் உளர். அக்கூற்றை ஈண்டு முழுதும் ஏற்பதற்கில்லை. மலைநிலத்து விளைவு போதாமையால், இம்மக்களிற் பலர் குடும்பத்தோடு நயாரித் மாநிலக் கடற்கரைப் புகையிலைத் தோட்டங்களுக்குக் கூலிவேலைக்குச் சென்றனர். அங்குத் தெளிக்கப்படும் பூச்சிமருந்தின் தீங்கிற்கும் ஆளாயினர். வீட்டிலிருந்தே செய்து விற்கத்தக்க ஒரு தொழில் அவர்களுக்கு எத்துணை உதவி என்பதைச் சொல்லவும் வேண்டுமோ?

1971-இல் மறைந்த ரமோன் மெதினா சில்வா, முழுக் கதைகளையே நூலில் அமைத்துக் காட்டினார். அவர் மனைவியும் இத்தொழிலில் வல்லவர். அவர்க்குப்பின் புகழெய்திய ஹோசே பெனீதெஸ் சான்செஸ் (1938–2009), உருவங்கள் ஒன்றனுள் ஒன்று பின்னிச் செல்லும் புதுமுறையைக் கையாண்டார். அவர் 1980-இல் அமைத்த பெரும்படம் மெக்சிகோ நகரத் தேசிய மானிடவியல் அருங்காட்சியகத்தில் இடம்பெற்றது.

விற்பனைக்குரிய ஓவியங்களில் ஒரு வழக்கம் உண்டு. பலகையின் பின்புறத்தில், இவ்வுருவம் இன்னது, இக்கதை இன்னது என்று ஓவியரே ஸ்பானிய மொழியில் எழுதிவைப்பர். வாங்குவோர் அதனைச் சுவரில் மாட்டும்பொழுது அவ்வெழுத்து மறைந்துவிடுகிறது. குகையில் வைக்கப்படும் நியெரிக்காவிற்கோ அத்தகைய விளக்கம் எழுதப்படுவதில்லை.