ஸ்பைனா பிஃபிடா: 28 நாளும் ஒரு சிட்டிகை உப்பும்

"நான் பயோமெடிக்கல் இல்லையே, எனக்கு எதுக்கு இது?"ன்னு பக்கத்தைத் தள்ளிவிட்டுடாதீங்க. இந்த நோயின் வைத்தியத்தில் பாதி, குழாயும் வால்வும் அழுத்தமும்தான். மெக்கானிக்கல் மாணவருக்கு இதில் எவ்வளவு வேலை இருக்கோ, கெமிக்கல் மாணவருக்கும் அவ்வளவு இருக்கு. போதாததுக்கு, சாகுபுரத்தைச் சுற்றி நாம் தினமும் பஸ்ஸில் கடந்து போகிற உப்பளங்களுக்கும் இந்த நோயைத் தடுப்பதற்கும் நேரடித் தொடர்பு உண்டு. அது பின்னால் வரும். முதலில் நோய்.

கரு உருவான புதிதில் அதன் முதுகுப்பக்கம் ஒரு தட்டையான தகடு மாதிரி இருக்கும். தகட்டின் இரண்டு ஓரமும் மேலே எழுந்து, மடிந்து, ஒன்றோடொன்று ஒட்டிக் குழாயாகிறது. ஷீட் மெட்டலை உருட்டி மூட்டுவது போலக் கற்பனை செய்துகொள்ளலாம். இந்த நரம்புக் குழாய்தான் பிறகு மூளையாகவும் தண்டுவடமாகவும் வளர்கிறது. மூட்டு முழுசாக மூட வேண்டிய கெடு, கரு உண்டானதிலிருந்து 28 நாள். மேல்முனை மூடாவிட்டால் மூளை வளராது, அந்தக் குழந்தை பிழைக்காது. கீழே முதுகில் எங்காவது மூடாமல் நின்றுபோனால் அதுதான் ஸ்பைனா பிஃபிடா.

28 நாள் என்பதைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்க. நாள் தள்ளிப்போயிருக்கேன்னு ஒரு பெண்ணுக்குச் சந்தேகம் வருவதே ஏறக்குறைய 15-ஆவது நாளில்தான். டெஸ்ட் எடுத்து, வீட்டில் சொல்லி, டாக்டரைப் பார்க்கப் போவதற்குள் கெடு முடிந்திருக்கும். அப்புறம் குழந்தை முதுகில் கட்டியோடு பிறந்தால், "கிரகணத்தன்னைக்கு வெளியே வந்தியா, கத்தியைத் தொட்டியா"ன்னு விசாரணை அந்தத் தாய் மேலேயே வரும். கிரகணத்துக்கும் இதுக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. இந்தியாவில் 1000 பிறப்புக்குச் சுமார் 4 என்ற அளவில் நரம்புக் குழாய்க் குறைபாடுகள் இருப்பதாக 2013-இல் வெளியான ஒரு தொகுப்பாய்வு கணக்கிட்டது. இவ்வளவு சாதாரணமாக நடக்கிற ஒன்றைச் சாபம் என்று மூடிவைப்பதில்தான் குழந்தைகளுக்கு நாள் வீணாகிறது.

எல்லாப் பிளவும் ஒன்றல்ல. சிலருக்கு எலும்பில் மட்டும் சின்ன இடைவெளி இருக்கும், ஆயுசு முழுக்கத் தெரியாமலே போகும். சிலருக்கு உறை மட்டும் நீரோடு வெளியே புடைத்திருக்கும். மோசமானது மூன்றாவது வகை: தண்டுவடமும் நரம்புகளுமே அந்தப் பையில் வெளியே வந்து நிற்கும். கீழே சொல்வது பெரும்பாலும் இந்த வகையைப் பற்றி.

ஸ்கேனில் இதைக் கண்டுபிடிக்கும் விதம் நம்ம ஆட்களுக்குப் பிடிக்கும். 18 முதல் 20 வாரத்தில் எடுக்கும் ஸ்கேனில் முதுகுப் பிளவு சின்னதாக இருந்தால் கண்ணில் படாமல் போகலாம். ஆனால் தலை காட்டிக்கொடுத்துவிடும். முதுகின் ஓட்டை வழியே மூளைத் தண்டுவடத் திரவம் கசிவதால் உள்ளே அழுத்தம் குறைகிறது. சிறுமூளை கீழ்நோக்கி இழுக்கப்பட்டு வாழைப்பழம் போல வளைகிறது, நெற்றியின் இருபக்க எலும்பும் உள்வாங்கி மண்டையோடு எலுமிச்சை வடிவமாகிறது. லண்டனில் நிகோலைடஸ் குழுவினர் 1986-இல் எழுதிய இந்த எலுமிச்சை, வாழைப்பழ அடையாளங்களைத்தான் இன்றைக்கும் உலகம் முழுக்கத் தேடுகிறார்கள். கசிவு ஓரிடத்தில், அறிகுறி வேறிடத்தில். பைப்லைன் படித்தவர்களுக்கு இது புதுசில்லை.

தெரிந்த பிறகு என்ன செய்வது என்பது குடும்பம் எடுக்க வேண்டிய முடிவு. பெரிய குறைபாடு உறுதியானால், மருத்துவ வாரியத்தின் ஒப்புதலோடு 24 வாரத்துக்குப் பிறகும் கருக்கலைப்புக்கு 2021 சட்டத் திருத்தம் இடம் தருகிறது. பெற்று வளர்க்கலாம் என்று முடிவு செய்தால், குழந்தை அறுவை சிகிச்சையும் நரம்பியல் அறுவை சிகிச்சையும் இருக்கிற பெரிய மருத்துவமனையில் பிரசவம் வைத்துக்கொள்வது நல்லது. நம்ம பக்கத்துக்குத் திருநெல்வேலி. கருப்பையிலேயே ஆபரேஷன் செய்யும் முறையும் உண்டு. 26 வாரத்துக்குள் கருவிலேயே முதுகை மூடிய குழந்தைகளில் 40 சதவீதத்தினருக்கும், பிறந்தபின் மூடியவர்களில் 82 சதவீதத்தினருக்கும் ஒரு வயதுக்குள் ஷண்ட் தேவைப்பட்டதாக 2011-இல் அமெரிக்க ஆய்வு ஒன்று காட்டியது. ஆனால் குறைமாதப் பிரசவ ஆபத்து கூடும், எல்லோருக்கும் பொருந்தாது.

பிறந்த குழந்தையின் முதுகில் பை தெரிந்தால் மஞ்சள், பவுடர், எண்ணெய் எதுவும் தடவக் கூடாது. சுத்தமான சலைனில் நனைத்த துணியால் மூடி, குப்புறவோ ஒருக்களித்தோ படுக்கவைத்துக் கூட்டிப்போக வேண்டும். 2, 3 நாளுக்குள் மூடிவிட்டால் மூளைக்காய்ச்சல் ஆபத்து குறையும். பை இல்லாமல், இடுப்புக்கு மேலே முடிக்கொத்து, ஆழமான குழி, கொழுப்புக் கட்டி மாதிரி ஏதாவது இருந்தாலும் டாக்டரிடம் காட்டுங்க. உள்ளே தண்டுவடம் ஒட்டிக்கொண்டிருக்கலாம், குழந்தை வளர வளர அது இழுபடும். 2013-இல் தொடங்கிய ராஷ்ட்ரிய பால் ஸ்வாஸ்த்ய கார்யக்ரம் திட்டத்தில் கவனிக்கப்படும் 30 நிலைகளின் பட்டியலில் முதலில் நிற்பதே நரம்புக் குழாய்க் குறைபாடுதான்.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்லணும். முதுகை மூடும் ஆபரேஷன் செத்த நரம்பைத் திரும்பக் கொண்டுவராது, இருப்பதைக் காப்பாற்றும். "ஆபரேஷன் முடிஞ்சுது, தையல் பிரிச்சாச்சு"ன்னு வீட்டுக்குப் போய்விட்டால் அடுத்த இரண்டு ஆபத்துகள் சத்தமில்லாமல் வரும். ஒன்று தலையில், இன்னொன்று சிறுநீர்ப்பையில்.

தலையில் திரவம் தேங்கினால் தலை வேகமாகப் பெருக்கும், உச்சிக்குழி புடைக்கும், கண்மணி அஸ்தமன சூரியன் மாதிரி கீழே சரிந்து நிற்கும். அதிகத் திரவத்தை வயிற்றுக்குள் வடிக்கிற குழாய்தான் ஷண்ட். பின்னோக்கிப் பாயக் கூடாது, அளவுக்கு மேல் வடியவும் கூடாது, அடைக்கவும் கூடாது. இதற்கு நம்பகமான வால்வைச் செய்தவர் டாக்டர் அல்ல. பிலடெல்பியா பக்கம் பூட்டுத் தயாரிக்கும் கம்பெனியில் வேலை பார்த்த ஜான் ஹோல்டர் என்ற டெக்னீஷியன். அவருடைய மகன் கேசி 1955-இல் ஸ்பைனா பிஃபிடாவோடு பிறந்தான். பழைய குழாய்கள் அடைத்துப்போவதைப் பார்த்துப் பார்த்து, பிளவு போட்ட சிலிகான் வால்வை வடிவமைத்தார். டாக்டர் யூஜின் ஸ்பிட்ஸ் அதை 1956-இல் குழந்தைகளுக்குப் பொருத்தத் தொடங்கினார். கேசி சின்ன வயசிலேயே இறந்துபோனான். வால்வு நின்றது.

நம்ம நாட்டுக் கதையும் உண்டு. உத்தரப்பிரதேசத்து ஷாஜஹான்பூரில் தயாராகும் சாப்ரா ஷண்டின் விலை அப்போது சுமார் 35 டாலர். வெளிநாட்டு வால்வு ஒன்று 650 டாலர். உகாண்டாவில் பெஞ்சமின் வார்ஃப் என்ற அறுவை மருத்துவர் இரண்டையும் 195 குழந்தைகளில் ஒப்பிட்டு 2005-இல் வெளியிட்டார். ஓராண்டுப் பலனில் வித்தியாசமில்லை! எந்த ஷண்டும் பழுதாகலாம் என்பதை மட்டும் மறக்கக் கூடாது. ஷண்ட் வைத்த குழந்தைக்குத் தலைவலியும் வாந்தியும் தூக்கக்கலக்கமும் வந்தால் "பித்தம்"னு விடாமல் அன்றைக்கே கூட்டிப்போக வேண்டும்.

சிறுநீர்ப்பைக்கு வருவோம். என் கணிப்பில் அதிகம் கவனிக்கப்படாத பகுதி இதுதான். நரம்பு வேலை செய்யாத பை சரியாகச் சுருங்காது, வாயும் சரியாகத் திறக்காது. பைக்குள் அழுத்தம் 40 சென்டிமீட்டர் நீர்மட்டத்துக்கு மேல் போன பிறகுதான் சிறுநீர் கசிகிறது என்றால், சிறுநீரகம் கெடும் வாய்ப்பு அதிகம். குழந்தைக்கு வலிக்காது, அதனால் வீட்டில் யாருக்கும் தெரியாது. மிச்சிகனில் டாக்டர் ஜாக் லாபிடஸ் 1972-இல் சொன்ன தீர்வு ரொம்ப எளிது. சில மணி நேரத்துக்கு ஒருமுறை சுத்தமான மெல்லிய கதீட்டரைச் செலுத்தி, வடித்துவிட்டு, எடுத்துவிட வேண்டும். ஆபரேஷன் தியேட்டர் அளவு கிருமி நீக்கம் தேவையில்லை, கையை நல்லா சோப்புப் போட்டுக் கழுவினால் போதும். அம்மா செய்யலாம், பள்ளிக்கூட வயசில் குழந்தையே செய்துகொள்ளலாம். தேவை ஒன்றுதான்: தாழ்ப்பாள் உள்ள, தண்ணீர் வரும் கழிப்பறை. நம்ம ஊர்ப் பள்ளிகளை நினைச்சுப் பாருங்க. இந்தக் குழந்தைகளுக்கு லேடெக்ஸ் அலர்ஜி எளிதில் வரும் என்பதால் ரப்பர் பலூனும் சாதாரணக் கையுறையும் ஆகாது. கோணல் பாதத்துக்கு மாவுக்கட்டு, நடக்க காலிப்பர், இல்லையென்றால் சக்கர நாற்காலி. பிரிட்டனின் டேனி கிரே தாம்சன் ஸ்பைனா பிஃபிடாவோடு பிறந்து, சக்கர நாற்காலிப் பந்தயத்தில் 11 பாராலிம்பிக் தங்கம் வென்றவர்.

இனி உப்பு. ஃபோலிக் அமிலம் கொடுத்தால், ஏற்கெனவே இப்படிப் பிறந்த குழந்தை உள்ள தாய்மாருக்கு அடுத்த குழந்தையில் ஆபத்து 72 சதவீதம் குறைகிறது என்று 7 நாடுகளில் நடந்த பிரிட்டிஷ் ஆய்வு 1991-இல் நிரூபித்தது. அவர்களுக்கு டாக்டர் அதிக அளவு, 4 மில்லிகிராம் போல எழுதித் தருவார். மற்ற பெண்களுக்குத் தினமும் 400 மைக்ரோகிராம் போதும். ஆனால் கர்ப்பத்துக்கு முன்பே தொடங்கணும். வலிப்பு மாத்திரை வால்ப்ரோயேட் சாப்பிடுகிறவர்கள் தாமாக நிறுத்தாமல், திட்டமிடும்போதே டாக்டரிடம் பேசணும். இதெல்லாம் கர்ப்பத்தைத் திட்டமிடுகிறவர்களுக்குச் சரி. திட்டமிடாதவர்களுக்கு? சாப்பாட்டிலேயே கலந்திருந்தால்தான் உண்டு. அமெரிக்கா 1998 முதல் கோதுமை மாவில் கட்டாயமாகக் கலக்கிறது. செறிவூட்டிய அரிசியில் கிலோவுக்கு 75 முதல் 125 மைக்ரோகிராம்தான் ஃபோலிக் அமிலம். ஒரு நாளைக்கு 300 கிராம் அரிசி என்றால் அதிகபட்சம் 37 மைக்ரோகிராம். 400-க்கு எவ்வளவு தூரம்!

உப்பு அப்படி இல்லை, ஏழை பணக்காரர் எல்லார் குழம்பிலும் விழுகிறது. அயோடின் கலக்கும் ஏற்பாடும் ஏற்கெனவே இருக்கு. 2022-இல் தென்னிந்தியக் கிராமங்களில் பெண்களுக்கு ஃபோலிக் அமிலம் சேர்த்த அயோடின் உப்பைக் கொடுத்தார்கள். நான்கே மாதத்தில் ரத்தத்தில் ஃபோலேட் அளவு மூன்று மடங்குக்கு மேல் ஏறியது. 2023 மே மாதம் உலக சுகாதார மாநாடும் உணவில் செறிவூட்டும்படி நாடுகளைக் கேட்டுத் தீர்மானம் போட்டது.

கணக்கு போடுவோம். ஒருவர் நாளைக்கு 8 கிராம் உப்பு சாப்பிட்டால், 400 மைக்ரோகிராம் கிடைக்க ஒரு கிராமில் 50 மைக்ரோகிராம் வேண்டும். அதாவது ஒரு டன் உப்புக்கு 50 கிராம். உப்பைக் குறைத்துச் சாப்பிடச் சொல்லும் காலம் இது என்பதால், அளவு குறைந்தால் செறிவைக் கூட்டிக்கொள்ளலாம். இதுக்காக யாரும் உப்பை அள்ளிப்போட வேண்டியதில்லை.

சிக்கல் கெமிஸ்ட்ரியில். ஃபோலிக் அமிலம் சாதா தண்ணீரில் சரியாகக் கரையாது, வெளிச்சம் பட்டால் சிதையும், மஞ்சள் நிறம் கொடுக்கும். டொராண்டோ பல்கலைக்கழகத்தின் கெமிக்கல் இன்ஜினீயரிங் குழு, சோடியம் கார்பனேட் சேர்த்து காரத்தன்மையை பி.எச். 9 அளவில் வைத்து, பொட்டாசியம் அயோடேட்டோடு ஒரே கரைசலாகத் தெளிக்கும் முறையைக் காட்டியிருக்கு. சுத்திகரித்த, ஈரமில்லாத உப்பில் இதைச் செய்வது எளிது. பாத்தியில் வாரி, அம்பாரமாகக் குவித்து, மழைக்கு ஓலை போட்டு மூடிவைக்கும் நம்ம ஊர்க் கல்லுப்பில் ஈரமும் மெக்னீசியமும் கூடுதல். ஆறுமுகநேரி, காயல்பட்டினம், முத்தையாபுரம் என மூன்று இடத்து உப்பை எடுத்து, ஒரே கரைசலைத் தெளித்து, வெள்ளைப் பையிலும் கறுப்புப் பையிலும் போட்டு, ஆறு மாதம் கழித்து எவ்வளவு மிஞ்சுகிறது என்று ஸ்பெக்ட்ரோபோட்டோமீட்டரில் அளக்க நம்ம கெமிக்கல் லேபே போதும்.