மார்பகப் புற்றுநோயும் அறுவை சிகிச்சையும்

உயிரியல் வகுப்பில் செல் பிரிதலைப் படிக்கிறோம். ஒன்று இரண்டாகி, இரண்டு நான்காகி நம் உடல் வளர்கிறது. இப்பிரிதல் கட்டுக்கடங்காமல் போகும்போது தோன்றுவதே புற்றுநோய். பெண்களை மிகுதியாகத் தாக்குவது மார்பகப் புற்றுநோய். இதைப் பற்றி வீட்டில் பேசவே கூச்சப்படுகிறோம். சிகிச்சை என்றாலே மார்பகத்தை முழுவதும் இழக்க வேண்டும் என்ற அச்சமும் நம்மிடையே உண்டு. அது எவ்வளவு உண்மை என்று பார்ப்போமா?

அன்று

1811-ஆம் ஆண்டில் ஃபேனி பர்னி என்ற ஆங்கில எழுத்தாளருக்கு, பாரிஸ் நகரில், மயக்க மருந்து இல்லாமலே மார்பகத்தை அகற்றினார்கள். அந்த வேதனையை அவரே தம் தமக்கைக்குக் கடிதமாக எழுதினார். 1840 வரை அவர் வாழ்ந்தார்.

பின்னர் மயக்க மருந்து வந்தது. 1894-இல் அமெரிக்க மருத்துவர் வில்லியம் ஹால்ஸ்டெட் ஒரு முறையை விவரித்தார். மார்பகம், அதனடியிலுள்ள தசைகள், அக்குளிலுள்ள நிணநீர்க் கணுக்கள் ஆகிய அனைத்தையும் ஒருசேர அகற்றுவதே அம்முறை. எவ்வளவு அகலமாக வெட்டுகிறோமோ அவ்வளவுக்கு நோய் வேரோடு போகும் என்பது அவர் கருத்து. ஆனால் பெண்கள் பலர் கை வீங்கி, தோளை உயர்த்த முடியாமல் துன்புற்றனர். ஆயினும் பல்லாண்டுகள் இதுவே வழக்கமாயிருந்தது.

மாற்றம்

அவ்வளவும் வெட்டத்தான் வேண்டுமா என்று சிலர் கேட்டனர். இத்தாலியில் உம்பெர்த்தோ வெரோனேசி 1973-இலும், அமெரிக்காவில் பெர்னார்ட் ஃபிஷர் 1976-இலும் ஆய்வு தொடங்கினர். தொடக்க நிலை நோயாளிகளில் ஒரு சாராருக்கு மார்பகம் முழுவதும் அகற்றப்பட்டது; மறுசாராருக்குக் கட்டியிருந்த பகுதி மட்டும் அகற்றப்பட்டது. இருபது ஆண்டுகள் கவனித்து 2002-இல் முடிவை வெளியிட்டனர். இரு சாராரின் ஆயுளிலும் வேறுபாடில்லை! ஆனால் ஃபிஷரின் ஆய்வில், கட்டியை மட்டும் அகற்றியவர்களில் நூற்றுக்கு 39 பேருக்கு அதே மார்பகத்தில் நோய் திரும்பியது. கதிர்வீச்சும் பெற்றவர்களில் அது 14 பேராகக் குறைந்தது. ஆகவே சிறிய அறுவைக்குக் கதிர்வீச்சு இன்றியமையாத துணையாயிற்று.

இன்று

கட்டி சிறிதாயின், அதனையும் சுற்றியுள்ள சிறிது திசுவையும் அகற்றிக் கதிர்வீச்சு அளிப்பர். பெரிதாயின், முதலில் மருந்தினால் சுருக்கிப் பின் அறுவை செய்வதும் உண்டு. மார்பகத்தில் பல இடங்களில் கட்டி பரவியிருந்தால் முழுவதும் அகற்ற நேரலாம். அப்போதும் தசைகளைப் பெரும்பாலும் விட்டுவிடுவர். விரும்புவோருக்கு வயிற்றுத் திசுவைக் கொண்டே மார்பகத்தை மீண்டும் அமைக்கலாம். அக்குளில், நோய் முதலில் சென்றடையும் ஓரிரு கணுக்களைச் சாயத்தால் கண்டறிந்து எடுத்துச் சோதிப்பர். அவற்றில் நோயில்லையெனில் மற்றவை தப்பும், கை வீங்கும் வாய்ப்பும் குறையும்.

தோழியரே, கட்டியெல்லாம் புற்று அல்ல. வலியில்லாத கட்டியெல்லாம் நல்லதும் அல்ல. கூச்சத்தால் மறைக்கும் ஒவ்வொரு மாதமும் சிறிய அறுவையைப் பெரிதாக்கக்கூடும். இதை நம் அன்னையர்க்கும் பாட்டியர்க்கும் எடுத்துச் சொல்வோம். பிப்ரவரி 5-இல் திருநாள் காணும் புனித ஆகத்தா, மார்பக நோயாளரின் பாதுகாவலி. அவரிடம் மன்றாடுவோம், மன்றாடிய கையோடு மருத்துவரிடமும் செல்வோம்.