‘இதுவே’யும் ‘இதுவும்’



அநேகாந்தம் என்னும் சொல்லை மேடையில் பெருமையுடன் கூறுகின்றோம். வீட்டுக் கூடத்தில் மறந்துவிடுகின்றோம். யானையைத் தடவிப் பார்த்த பார்வையற்றோர் கதையை நம் பிள்ளைகளுக்குச் சொல்லாத இல்லம் அரிது. ஆனால் அக்கதையைச் சொல்லும்போதெல்லாம் பிறரையே அப்பார்வையற்றோராக எண்ணிக்கொள்கின்றோம். நாமும் அவ்வரிசையில் நின்று வாலைப் பற்றிக்கொண்டிருக்கின்றோம் என்பது நினைவுக்கு வருவதில்லை. அன்றாட உரையாடலில் எழும் கருத்து வேறுபாட்டை நம் நெறி எவ்வாறு கையாளச் சொல்கின்றது என்பதை இங்குச் சிந்திப்போம்.

ஓர் இல்லத்தில் நிகழ்ந்தது

நாம் அறிந்த குடும்பம் ஒன்று. தொண்டை நாட்டுச் சிற்றூர் ஒன்றில், ஜினாலயத்தை அடுத்து, தந்தையார் விட்டுச்சென்ற ஓட்டு வீடு. மூத்தவர் ஊரிலேயே பயிர்த்தொழில் செய்பவர். இளையவர் சென்னையில் பணிபுரிபவர். பூட்டிக் கிடக்கும் வீட்டை விற்றுவிடலாம் என்றார் இளையவர். கூடாது என்றார் மூத்தவர். தொடக்கம் அவ்வளவே. சிறிது நேரத்தில் பேச்சு வீட்டை விட்டு மனிதர்மேல் தாவியது. “பட்டணத்துப் பணம் உன் கண்ணை மறைத்துவிட்டது” என்றார் ஒருவர். “ஊரைத் தாண்டாத உங்களுக்கு உலகம் எப்படித் தெரியும், அண்ணா?” என்றார் மற்றவர். அதன்பின் இரண்டு ஆண்டுகள் பேச்சில்லை. இளையவர் மகளின் திருமணத்தில் பெரியப்பா என்ற முறையில் முன்னிற்க வேண்டியவர், பந்தலின் ஓரத்தில் விருந்தாளியைப் போல் அமர்ந்து உண்டு எழுந்து சென்றார்.

இறுதியில் அவ்விருவரின் தமக்கையார் ஒரு செயல் செய்தார். யார் சொல்வது சரி என்று அவர் தீர்ப்புக் கூறவில்லை. தம்பியர் இருவரையும் தனித்தனியே அழைத்து, “எதனை மனத்தில் வைத்து இப்படிச் சொல்கிறாய்?” என்று மட்டும் கேட்டார். மூத்தவர் சொன்னார்: “நாள்தோறும் அபிஷேகத்திற்கு நம் வீட்டுக் கிணற்று நீரைத்தான் வடிகட்டி எடுத்துச் செல்கிறோம், அக்கா. வீடு போனால் கிணறும் போய்விடுமே.” இளையவர் சொன்னார்: “மருத்துவச் செலவுக்கு வாங்கிய கடன் கழுத்தை நெரிக்கிறது. அண்ணனிடம் சொல்ல வெட்கமாக இருந்தது.”

இரண்டு ஆண்டுகளில் இவ்விரண்டு செய்திகளும் ஒருமுறைகூட வாய்விட்டுச் சொல்லப்படவில்லை. இருவரும் தத்தம் முடிவை மட்டுமே சொன்னார்கள், முடிவு பிறந்த இடத்தைச் சொல்லவில்லை, கேட்கவுமில்லை.

பேச்சு ஒருபுறத்தையே காட்டும்

உமாசுவாமி ஆசாரியர் தத்துவார்த்த சூத்திரத்தின் ஐந்தாம் அத்தியாயத்தில் ஓர் அரிய கருத்தை உரைக்கின்றார். பொருளின் ஒரு தன்மையை முன்னிறுத்தியும் மற்றொன்றைப் பின்னிறுத்தியும் நோக்குவதால், முரண்பட்டவை போல் தோன்றும் தன்மைகள் ஒரே பொருளில் அமைகின்றன என்பது அதன் கருத்து. இதனை அர்ப்பிதம், அநர்ப்பிதம் என்பர். ஒருவரே தம் மகனுக்குத் தந்தையாகவும் தம் தந்தைக்கு மகனாகவும் இருக்கின்றார். தந்தை என்று சொல்லும்போது மகனாந்தன்மை மறைந்துவிடுவதில்லை, பின்னே நிற்கின்றது.

மொழியின் இயல்பும் அதுவே. இரு தன்மைகளை ஒரே நேரத்தில் ஒரே சொல்லால் உரைக்க இயலாது. சப்தபங்கியில் ‘அவக்தவ்யம்’, அதாவது சொல்லொணாதது, என்னும் பங்கம் அமைந்திருப்பது இதனாலேயே. ஆகவே எவர் பேசினும் ஒருபுறமே வெளிப்படும். மறுபுறத்தைக் கேட்டறிவது கேட்பவரின் கடமை.

திரவியம், க்ஷேத்திரம், காலம், பாவம் என்னும் நான்கு நோக்குகளை நம் முன்னோர் வகுத்தனர். மேற்கூறிய மூத்தவர் க்ஷேத்திரத்தை முன்னிறுத்தினார். இளையவர் காலத்தை முன்னிறுத்தினார். தமக்கையார் கேட்ட எளிய வினா, சியாத்வாதத்தையே வீட்டு மொழியில் கேட்டதாகும்.

இரண்டு எழுத்துகள்

‘சியாத்’ என்பதற்கு ‘ஒருவேளை’ எனச் சிலர் பொருள் கூறி, ஜைனர் எதிலும் உறுதியற்றவர் என்பர். அது பிழை. ‘சியாத்’ என்றால் ‘ஒரு நோக்கில்’ என்பதே பொருள். அந்நோக்கினுள் நின்று ‘இவ்வாறே’ என உறுதியாகவும் கூறலாம். எல்லையை அறிந்த உறுதி அது.

பொருளின் ஒருபுறத்தைச் சொல்லி மறுபுறத்தை மறுக்காமல் நிற்பது நயம். மறுபுறத்தை அடியோடு மறுப்பது துர்நயம். நம் தமிழில் இவ்வேறுபாட்டை இரண்டு எழுத்துகளே காட்டிவிடும். நோக்கைக் கூறாது ‘இதுவே’ என்று அடித்துச் சொல்லும் ஏகாரம் வாயிலை அடைக்கின்றது. ‘இதுவும்’ என்னும் உம்மை வாயிலைத் திறந்து வைக்கின்றது. பொழுது சாய்வதற்குள் உண்ண வேண்டும் என்கிறார் பாட்டியார். வேலை முடிந்து வரவே எட்டு மணி ஆகிறதே என்கிறான் பேரன். “நீ நெறியையே விட்டுவிட்டாய்” என்று பாட்டியார் சொன்னால் பேச்சு அங்கே முடிந்தது. “உன் வேலையும் தெரிகிறது, நம் நெறியும் இருக்கிறது, என்ன செய்யலாம், சொல்” என்றால் பேச்சு தொடங்குகின்றது. மாலையில் உண்ணக் கையில் ஏதேனும் கொடுத்தனுப்பும் வழி அப்போதுதான் தோன்றும். பாட்டியார் தம் நெறியில் அணுவளவும் தளரவில்லை என்பதை நோக்குக.

எல்லாம் சரி என்பதா?

அநேகாந்தம் என்றால் எவர் எது சொன்னாலும் தலையசைத்தல் என்று கருதலாகாது. உயிர்க்கொலையும் பொய்யும் களவும் ஒரு நோக்கில் நல்லவையே என்று கூற அது இடந்தராது. திருமணப் பேச்சில் வரதட்சணை கேட்பதும் ஒரு கருத்துத்தானே என எவரேனும் சொன்னால், அது கருத்தன்று, பிறரைத் துன்புறுத்தல். 1961 ஆம் ஆண்டுச் சட்டமும் அதனைக் குற்றம் என்றே தடுக்கின்றது. அங்கு மறுத்துப் பேசுவதே அறம்.

நம் முன்னோர் வாதத்திற்கு அஞ்சியவர் அல்லர். நீலகேசி பௌத்தர், ஆசீவகர், சாங்கியர், வைசேடிகர் முதலியோருடன் வாதம் புரிவதையே பொருளாகக் கொண்ட காப்பியம் நம்முடையது. அங்கும் எதிர்ப்பக்கத்தார் தம் கொள்கையை எடுத்துரைக்க இடம் உண்டு. மறுப்பு அதன் பின்னரே. நம் இல்லங்களிலோ மறுப்பு முதலில் வருகின்றது, கேட்பது வருவதேயில்லை.

வாய்மைக்குக் காவல் ஐந்து

வாய்மை விரதம் நிலைபெற ஐந்து பாவனைகளைத் தத்துவார்த்த சூத்திரத்தின் ஏழாம் அத்தியாயம் கூறுகின்றது. சினம், பேராசை, அச்சம், நகையாடல் ஆகிய நான்கையும் விடுதலும், ஆய்ந்து பேசுதலும் அவை. சினமும் பேராசையும் பொய்க்குக் காரணம் என்பது எளிதில் விளங்கும். ஏனைய இரண்டை நாம் கவனிப்பதில்லை. “உனக்கு என்ன தெரியும்?” என்று மனைவியின் கருத்தை நகைத்துத் தள்ளும்போது, அவர் கண்ட உண்மை அவ்வீட்டிற்கு இல்லாமற் போகின்றது. பெரியவர்க்கு அஞ்சி மருமகள் வாய்மூடி இருக்கும்போது, அதனை உடன்பாடு என்று எடுத்துக்கொள்கின்றோம். அச்சத்தால் பிறந்த மௌனம் உடன்பாடு ஆகாது.

எவ்வளவு சொல்லியும் கேளாதவர் உளராயின்? அவரிடத்து மாத்யஸ்தம், அதாவது விருப்பு வெறுப்பற்ற நடுநிலை, கொள்ளுமாறு அதே அத்தியாயம் வழிகாட்டுகின்றது. வென்றே தீர வேண்டும் என்னும் வேட்கை மானகஷாயத்தின் வேலை. இன்று கேளாதவர் நாளை கேட்கக்கூடும். நாம் வெறுத்துவிட்டால் அந்த நாளையும் இழந்துவிடுவோம்.

நாம் செய்யக்கூடியது

மறுத்துப் பேசுமுன், அவர் சொன்னதை நம் வாயால் ஒருமுறை சொல்லி, “நீங்கள் சொல்வது இதுதானே?” என்று கேட்போம். அவர் ஆம் என்ற பின்னரே நம் கருத்தைக் கூறுவோம். அதனுடன் அக்கருத்து பிறந்த காரணத்தையும் கூறுவோம். இவ்விரண்டைச் செய்தாலே வீட்டுப் பூசல்களில் பல சொற்போராக வளராமல் நின்றுவிடும்.

அவ்விரு சகோதரர்களின் செய்தியைக் கூறி முடிப்போம். கிணறும் அதனைச் சூழ்ந்த இடமும் ஆலயத்திற்கு விடப்பட்டன, வீடு விற்கப்பட்டது. வீட்டை விற்றது தவறு என்றே மூத்தவர் இன்றும் சொல்கின்றார். ஆனால் அதனைத் தம்பியிடமே சொல்கின்றார். தம்பியும் அருகில் அமர்ந்து கேட்கின்றார். கருத்து ஒன்றாகவில்லை, உறவு ஒன்றாயிற்று.

தசலட்சண தருமங்களில் பொறுமையும் பணிவும் நேர்மையும் வாய்மைக்கு முன்னே வைக்கப்பட்டுள்ளன. அம்மூன்று படிகளையும் ஏறி நின்று நம் உண்மையைப் பேசுவோமாக. பேசாது நின்றுபோன உறவு எவர்க்கேனும் இருப்பின், அடுத்த தசலட்சணம் வரை காத்திராமல் இவ்வாரமே அவரிடம் சென்று, “எதனை எண்ணி அன்று அவ்வாறு சொன்னீர்கள்?” என்று கேட்போமாக.

அறம் வளர்க!