ஒரு வட்டாரம் படித்தால் ஒதுங்கிப்போவோமா?

‘தென்கிழக்காசியாவை மட்டும் படித்தால் அங்கேயே மாட்டிக்கொள்வாய். பொதுவாக உலக வணிகம் என்று போட்டிருக்கிற படிப்பாகப் பார்த்துச் சேர்.’

கல்லூரி திறக்கும் நேரத்தில் இந்த அறிவுரை தவறாமல் கிளம்பிவிடுகிறது. சீனியர் சொல்கிறார், சித்தப்பா சொல்கிறார், வணிகவியல் பேராசிரியர்களிலேயே சிலர் சொல்கிறார்கள். பி.காம்., பி.பி.ஏ. பட்டத்தோடு கூடவே படிக்கிற பன்னாட்டு வணிகச் சான்றிதழ்ப் படிப்புகளைப் பற்றிய பேச்சு இது. தென்கிழக்காசிய நாடுகளின் ஆசியான், வளைகுடா, ஆப்பிரிக்கா என்று ஏதாவது ஒரு வட்டாரத்தை எடுத்துக்கொண்டு பாடம் நடத்தும் படிப்புகள். நான் ஏற்றுமதி ஆவண மேசையில் வேலை பார்த்துவிட்டு வகுப்பறைக்கு வந்தவன். இந்தப் பேச்சை நம்பி நல்ல படிப்பைக் கைவிட்ட பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். அதனால் இதைப் பொறுமையாக எழுத என்னால் முடியாது.

பன்னாட்டு வணிகத்தில் எல்லா நாட்டுக்கும் பொதுவானது என்னென்ன என்று முதலில் கேட்டுப் பாருங்கள். சரக்கின் எச்.எஸ். எண்ணில் முதல் ஆறு இலக்கம் உலகம் முழுக்க ஒன்றுதான். நாம் அதை எட்டு இலக்கமாக நீட்டிக்கொள்கிறோம். எஃப்.ஓ.பி., சி.ஐ.எஃப். என்று விலை பேசுகிறோமே, அந்த இன்கோடெர்ம்ஸ் விதிகள் 11-ம் எங்கும் அதே 11 தான். பணத்துக்கு வங்கி உறுதி தரும் எல்.சி. வாங்கினால், வங்கி பார்ப்பது 2007 ஜூலையிலிருந்து நடப்பில் இருக்கும் யு.சி.பி. 600 விதிகளை. கப்பல் நிறுவனம் சரக்குக்குத் தரும் பில் ஆஃப் லேடிங்கும் அப்படித்தான். ஹாய்ஃபாங் துறைமுகத்துக்குப் பெட்டி அனுப்பி இவற்றைக் கற்றுக்கொண்ட பெண், ஹாம்பர்க்குக்கு அனுப்ப வேண்டி வந்தால் மறந்துவிடுவாளா? எந்த வட்டாரத்தின் வழியாகப் படித்தாலும் பொதுவான பகுதி கைக்கு வந்துவிடும்.

நாட்டுக்கு நாடு மாறுகிற பகுதிதான் கடினம். அதை ஓரிடத்தில் ஆழமாகத் தோண்டினால்தான் எப்படித் தேடுவது என்று பிடிபடும். ‘உலக வணிகம்’ என்று பெயர் வைத்த பாடநூலில் ஆசியானுக்கு என்ன கிடைக்கும்? உறுப்பு நாடுகளின் பட்டியல், தலைமைச் செயலகம் ஜகார்த்தாவில் என்ற தகவல், தேர்வுக்கு ஐந்து மதிப்பெண் கேள்வி. 2025 அக்டோபரில் திமோர்-லெஸ்தே 11-ஆவது உறுப்பினராகச் சேர்ந்ததைக்கூடத் திருத்தாத நூல்களை வைத்துக்கொண்டு ‘உலகம்’ என்று பேசுகிறோம்.

ஒரு கணக்கைப் போட்டுக் காட்டுகிறேன். கோவையில் செய்த ஒரு பம்பு வியட்நாமுக்குப் போகிறது. ஆசியான் – இந்தியா சரக்கு ஒப்பந்தம் 2009 ஆகஸ்டில் கையெழுத்தாகி 2010-இல் நடைமுறைக்கு வந்தது. அதன்படி சலுகை வரி வேண்டும் என்றால் வாங்குகிறவர் ‘ஏஐ’ படிவத்தில் பிறப்பிடச் சான்று கேட்பார். அந்தச் சான்றுக்குப் பொது விதி இது: எஃப்.ஓ.பி. விலையில் குறைந்தது 35 சதவீதம் ஒப்பந்த நாடுகளில் உண்டான மதிப்பாக இருக்க வேண்டும். வெளிநாட்டிலிருந்து வாங்கிய பாகத்தின் ஆறு இலக்க எண் ஒன்றாகவும், முடிந்த பொருளின் ஆறு இலக்க எண் வேறாகவும் இருக்க வேண்டும். கடைசிக் கட்ட உற்பத்தி ஏற்றுமதி செய்கிற நாட்டில் நடக்க வேண்டும்.

பம்பின் விலை 100 டாலர் என்று வைத்துக்கொள்வோம். அதில் சீன மோட்டார் 40 டாலர், சீன உதிரிபாகம் 12 டாலர். இரண்டும் போக 48. முதல் சோதனை தேறிவிட்டது. மோட்டாரின் எண் 8501-இல் தொடங்கும், பம்பு 8413. அதிலும் சிக்கல் இல்லை. உதிரிபாகத்தில்தான் மாணவர்கள் தடுமாறுவார்கள். அது 8413.91, பம்பு 8413.70. முதல் நான்கு இலக்கம் ஒன்றேதான் என்பதால் ‘போச்சு சார்’ என்பார்கள். விதி கேட்பது ஆறு இலக்க மாற்றம், ஆகவே தேறும். சரி, அடுத்த ஆர்டரில் முதலாளி பம்பின் உறையையும் சீனாவிலிருந்தே தருவிக்கிறார், இன்னொரு 16 டாலர். வெளிச்சரக்கு 68 ஆகிவிட்டது, மிச்சம் 32, சலுகை கிடையாது. அதே உறையை உரிய பிறப்பிடச் சான்றோடு தாய்லாந்திலிருந்து வாங்கினால்? தாய்லாந்தும் ஒப்பந்த நாடு என்பதால் அது நம் கணக்கிலேயே சேரும். சலுகை திரும்பக் கிடைக்கும்.

இந்தக் கணக்கைச் சொந்தமாகப் போட்டுப் பழகிய மாணவியிடம் 2022 மே மாதம் நடைமுறைக்கு வந்த அமீரக ஒப்பந்தத்தைக் கொடுங்கள். அந்த வருடம் டிசம்பரில் வந்த ஆஸ்திரேலிய ஒப்பந்தத்தையும் கொடுங்கள். உங்கள் சரக்குக்கு எத்தனை சதவீதம், எத்தனை இலக்கத்தில் மாற்றம் என்று எந்தப் பக்கத்தைப் புரட்ட வேண்டும் என்று அவளுக்குத் தெரியும். எண்கள் மாறலாம், கேட்க வேண்டிய கேள்விகள் மாறுவதில்லை. பொதுப் படிப்பில் ‘தடையற்ற வணிக ஒப்பந்தத்தின் நன்மை தீமைகள்’ என்று கட்டுரை எழுதிய பிள்ளைக்கு இந்தக் கேள்விகளே தெரியாது. யார் மாட்டிக்கொண்டவர் என்று நீங்களே சொல்லுங்கள்.

ஆவணத்தை விட்டுத் தள்ளுங்கள், சந்தையைப் படிப்பதிலும் இதே நியாயம்தான். 2022 ஏப்ரல் 28-ஆம் தேதி இந்தோனேசியா பாமாயில் ஏற்றுமதியை நிறுத்தியது. நம் ரேஷன் கடையில் மலிவு விலைக்குக் கிடைக்கிறதே, அந்தப் பாமாயில். திடீரென்று வந்த இடி என்று இங்கே பலர் பேசினார்கள். இந்தோனேசியாவைக் கவனித்துவந்தவர்களுக்கு அது திடீர் செய்தி இல்லை. அந்த ஊர் மக்களுக்குச் சமையல் எண்ணெய் விலை தாங்கவில்லை. ஜனவரி கடைசியிலேயே, ஏற்றுமதி செய்கிறவர்கள் 20 சதவீதத்தை உள்நாட்டில் விற்க வேண்டும் என்று ஆணை வந்தது. மார்ச்சில் அது 30 ஆனது. சில நாளில் அதைக் கைவிட்டுவிட்டு ஏற்றுமதித் தீர்வையை ஏற்றினார்கள். விலை இறங்கவில்லை. மே 2 நோன்புப் பெருநாள். பெருநாளுக்குச் சில நாள் முன்பு தடை. மே 23-இல் நீக்கினார்கள்.

இந்த வரிசையை ஒரு பருவம் உட்கார்ந்து படித்த பிள்ளைக்கு அடுத்து நம் நாட்டில் நடந்ததும் விளங்கும். 2022 மே 13-இல் கோதுமைக்குத் தடை. செப்டம்பரில் நொய்யரிசிக்குத் தடை, வெள்ளை அரிசிக்கு 20 சதவீதத் தீர்வை. 2023 ஜூலை 20-இல் பாசுமதி அல்லாத வெள்ளை அரிசிக்கு முழுத் தடை. உள்ளூர் விலை, அரைகுறைக் கட்டுப்பாடு, தீர்வை, பிறகு தடை. எண்ணெயில் பார்த்த படிகளில் பல அரிசியிலும் தெரிந்தன. அடுத்து என்ன வரும் என்று ஊகிக்கிற ஊழியரை எந்த அரிசி ஏற்றுமதியாளர் வேண்டாம் என்பார்?

‘அங்கேயே மாட்டிக்கொள்வாய்’ என்பவர்கள் இன்னொன்றையும் பார்க்க மறுக்கிறார்கள். அந்த வட்டாரம் நம் ஊருக்கே வந்து நாளாகிறது. வியட்நாமின் வின்ஃபாஸ்ட் தூத்துக்குடியில் மின்சாரக் கார் ஆலையை 2025 ஆகஸ்டில் திறந்துவிட்டது. தைவான் காலணி நிறுவனங்கள் சீனாவிலும் வியட்நாமிலும் தொழில் நடத்திய பழக்கத்தோடு செய்யாற்றுப் பக்கம் ஆலை போட்டிருக்கின்றன. மியான்மர் உளுந்து இல்லாமல் நம் இட்லி மாவு இல்லை. திருப்பூர் பனியன் கம்பெனியில் வேலைக்குப் போகிற பிள்ளைக்கு வியட்நாம் ஒரு போட்டிக்காரர்; ஐரோப்பிய ஒன்றியத்தோடு 2020 ஆகஸ்டிலேயே ஒப்பந்தத்தை நடைமுறைக்குக் கொண்டுவந்துவிட்ட போட்டிக்காரர். வியட்நாமைப் படித்துவிட்டு அவிநாசி ரோட்டில் வேலை பார்க்கலாம். பாஸ்போர்ட்கூட வேண்டாம்.

நம் முன்னோர் தொழில் பழகியதும் இப்படித்தான். செட்டிநாட்டுக் கடைகள் ரங்கூன், பினாங்கு, மேடான், சைகோன் என்று கிளை விரித்த காலத்தில், பையனை ஓர் ஊர்க் கடையில் பெட்டியடியில் உட்கார வைத்துத்தான் கணக்கும் ஆள் பழக்கமும் சொல்லிக் கொடுத்தார்கள். அவன் அங்கிருந்து அடுத்தாள் என்ற உதவியாளாகி, கடையை நடத்தும் மேலாளாக உயர்ந்தான்.

சில்லறை நம்பிக்கைகள் இன்னும் சில உண்டு. அவற்றுக்கு இவ்வளவு நேரம் வேண்டாம்.

சான்றிதழ் இருந்தால்தான் ஏற்றுமதி செய்ய உரிமம் கிடைக்கும் என்கிறார்கள். பொய். ஏற்றுமதிக்கு வேண்டிய ஐ.இ.சி. எண்ணுக்குப் பான் கார்டு, வங்கிக் கணக்கு, முகவரிச் சான்று, 500 ரூபாய் கட்டணம் போதும். படிப்பை யாரும் கேட்பதில்லை. இதைச் சொல்லி ஆள் பிடிக்கிற பயிற்சி மையம் எதுவானாலும் விலகி வந்துவிடுங்கள்.

சான்றிதழ் வாங்கினால் வேலை உறுதி என்பதும் பொய். பட்டத்துக்கு மேல் கூடுதலாகத் தெரிந்த ஒரு வேலைக்கு அது சாட்சி. அந்த வேலை தெரியாவிட்டால் நேர்காணலின் மூன்றாவது கேள்வியில் வெளிப்பட்டுவிடும்.

வணிகவியல் மாணவருக்கு மட்டும்தான் இது என்பது வெறும் பழக்கதோஷம். உணவுத் தொழில்நுட்பம் படிக்கிற பிள்ளைக்கு இந்தோனேசியாவின் 2014 ஹலால் சட்டம் தெரிந்தால் மசாலாக் கம்பெனியில் மதிப்பு கூடும். வேதியியல், ஜவுளி படிக்கிறவர்களுக்கும் இது பொருந்தும்.

எல்லாச் சான்றிதழும் ஒன்றுதான் என்று நினைக்காதீர்கள். தரமதிப்பீட்டுக் குழு வருகிறது என்பதற்காக 30 மணி நேரம் ஸ்லைடு ஓட்டிவிட்டுக் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கும் படிப்புகள் இருக்கின்றன. சேருமுன் மூன்று கேள்வி கேளுங்கள். ஷிப்பிங் பில்லை மாணவரே நிரப்பிப் பழக வைப்பீர்களா? பாடம் நடத்துகிறவர் துறைமுக வேலையோ ஏற்றுமதி வேலையோ பார்த்தவரா? அந்த வட்டாரத்து மொழி ஏதாவது சொல்லித் தருவீர்களா?

மூன்றாவது கேள்விக்குத்தான் பெரும்பாலும் பதில் வராது. ‘ஆங்கிலம் போதுமே’ என்பார்கள். சிங்கப்பூர் அலுவலகத்துக்குப் போதும். பாங்காக் கிடங்கில் நிற்கிற சரக்குக்குப் போதாது. தாய்லாந்துப் பொட்டலத்தில் காலாவதி ஆண்டு 2569 என்று இருக்கலாம். அங்கே புத்த ஆண்டு நம் கணக்கைவிட 543 கூடுதல். ஆகவே அது 2026. இது தெரியாதவர் லேபிள் சரிபார்க்கிற மேசையில் உட்காரக் கூடாது.

நம் கல்லூரிகளில் முதல் பகுதி மொழிப்பாடமாகத் தமிழுக்குப் பதில் பலர் பிரெஞ்சு எடுக்கிறார்கள். எதற்கு? மதிப்பெண் எளிதாக வரும் என்று. படித்து முடித்ததும் அந்தப் பிள்ளைகளில் பெரும்பாலோர் ஒரு பிரெஞ்சுக் கடிதம்கூட எழுதப் போவதில்லை. அந்த இடத்தில் மலாயை வைத்துப் பாருங்கள். மலாயும் இந்தோனேசிய மொழியும் நெருங்கிய உறவு. இரண்டும் ரோமன் எழுத்தில்தான் எழுதப்படுகின்றன, வினைச்சொல் காலத்துக்கேற்ப மாறுவதில்லை. ஆங்கில எழுத்துத் தெரிந்த நம் பிள்ளைக்கு முதல் வாரத்திலேயே விலைப்பட்டியல் வாசிக்க வரும். மலாயாப் பல்கலைக்கழகத்தில் 1956-இலேயே இந்தியவியல் துறை தொடங்கித் தமிழ் சொல்லிக்கொடுத்தார்கள். இத்தனை நூற்றாண்டுகளாக அந்தக் கடலில் போய்வந்த நாம், இங்கே இத்தனை கல்லூரிகளை வைத்துக்கொண்டு, மலாய் படிக்க வேண்டும் என்று கேட்கிற மாணவரை எங்கே அனுப்புவது என்று விழிக்கிறோம்.

பாடத்திட்டக் குழுவில் உட்காருகிறவர்களுக்கு என் கோரிக்கை ஒன்றுதான். ஆசியான் சான்றிதழில் இப்போது ‘வணிகச் சூழல் – ஓர் அறிமுகம்’ ஒரு தாள் முழுவதையும் தின்கிறதே, அதை எடுத்துவிட்டு அந்த மணி நேரத்தை மலாய்க்கோ வியட்நாமிய மொழிக்கோ கொடுங்கள். மலாய்க்கு ஆசிரியர் கிடைக்கவில்லை என்றால் பினாங்கிலோ கிள்ளானிலோ இருக்கிற ஒரு தமிழாசிரியரை இணையவழி வகுப்பெடுக்கக் கேளுங்கள். தமிழும் மலாயும் அவருக்குப் பழகிய மொழிகள்.